விட்டு விட்டுக் கனக்கும் ஸ்டியரிங்

முற்றிலும் கெட்டுப்போன பொறியைப் பழுது பார்ப்பது எளிது. விட்டு விட்டுக் கெடும் பொறியைப் பழுது பார்ப்பதே அரிது. முன்னது தன் குறையை மறைப்பதில்லை. பின்னதோ, மலைச்சரிவின் வளைவில் ஓட்டுபவரைத் திகைக்க வைத்துவிட்டு, பட்டறை வாசலை அடைந்ததும் ஒரு குறையும் அறியாததுபோல் நடந்துகொள்ளும். பட்டறைக்காரர் ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார். "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். அல்லது ஊகத்தின்பேரில் விலையுயர்ந்த பம்பை மாற்றிவிடுவார். பணம் செலவாகும், அடுத்த மலைப் பயணத்தில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டும்.

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுள், கரடுமுரடான பாதைகளில் பழைய ஜீப் வகை வண்டிகளை நம்பிப் பிழைப்பவர் பலர். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத்திலோ, இமயமலைச் சாலைப் பணியிலோ, சஹ்யாத்ரி மலைத்தொடரின் கணவாய்களிலோ இவ்வண்டிகளே துணை. 1994-இல் வெளிவந்த டாடா சுமோ, 2000-இல் வெளிவந்த மகீந்திரா பொலேரோ, 2002-இல் வெளிவந்த ஸ்கார்பியோ ஆகியவற்றுள் பழைய வண்டிகள் பல இன்றும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் பொருத்தப்பட்ட இத்தகைய பழைய வண்டிகளில், அத்துணை திடீரென மறைந்து திடீரெனத் திரும்புமானால், அதன் காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதை இங்கு விளக்குவோம். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கிறது. அது வேறு அமைப்பு. இங்கே கூறுவது அதற்குப் பொருந்தாது.

முதலில் இவ்வமைப்பின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். தேரை இழுப்பது வடம் பிடித்த நூற்றுக்கணக்கானோரின் வலிமை. ஆனால், தேர் எப்பக்கம் திரும்பவேண்டும் என்பதை முடிவு செய்வது சக்கரத்தின் அடியில் ஒருவர் இடும் முட்டுக்கட்டை. பெரிய வலிமையைச் சிறிய கருவி ஆள்கிறது. பவர் ஸ்டியரிங்கிலும் நிகழ்வது இதுவே. சக்கரங்களைத் திருப்பும் வலிமையின் பெரும்பகுதி எஞ்சினிலிருந்து வருகிறது. ஓட்டுபவரின் கை திசையை மட்டும் குறிக்கிறது.

எஞ்சினின் முன்புறத்தில் சுழலும் கப்பியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், பம்பைச் சுழற்றுகிறது. சில வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பற்சக்கரம் உண்டு. பம்பு தன் கலத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்துடன் ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் மெல்லிய முறுக்குத் தண்டு ஒன்று உண்டு. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது சிறிதளவு முறுகும். அம்முறுக்கின் அளவுக்கு ஏற்ப ஒரு வால்வு திறந்து, எண்ணெயைப் பிஸ்டனின் ஒரு பக்கத்திற்குச் செலுத்தும். பிஸ்டன் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். வேலை முடிந்த எண்ணெய் மறு குழாய் வழியே கலத்திற்குத் திரும்பும். நேராக ஓடும்போது அழுத்தம் மிகக் குறைவு. நின்ற இடத்தில் முழுவதும் திருப்பும்போது, பல வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு 70 முதல் 100 கிலோகிராம் வரை அழுத்தம் எழும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்பில் இத்துணை கிடையாது. ஓட்டியவரின் தோள்வலிமையே அதனைத் திருப்பியது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926-இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் இவ்வமைப்பைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும், 1951-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்தான் பொதுமக்கள் வாங்கும் காரில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இங்கு ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். பவர் ஸ்டியரிங்கின் துணை மறைந்தாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், மிகவும் கனமாகத் திரும்பும். உயிருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் கனத்தினால் அன்று. "ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது" என்று ஓட்டுபவர் அஞ்சிக் கையைத் தளர்த்திவிடுவதனாலேயே. ஆகவே அந்நேரத்தில் இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி இழுத்துத் திருப்பவேண்டும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தவேண்டும். எஞ்சினே நின்றுவிட்டது என்றால் முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்குகள் எரியும். பிரேக்கின் துணையும் விரைவில் தீர்ந்துவிடும். அப்பொழுது பிரேக்கை விட்டு விட்டு மிதியாமல் ஒரே சீராக அழுத்தி வண்டியை நிறுத்துக. ஓடும் வண்டியில் சாவியைக் கடைசி நிலைக்குத் திருப்பிவிடலாகாது. திருப்பினால் ஸ்டியரிங் உண்மையாகவே பூட்டிக்கொள்ளும்.

இனி நோயை ஆராய்வோம். நல்ல மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் "எப்பொழுது வலிக்கிறது?" என்று கேட்பார். நாமும் அவ்வாறே கேட்கவேண்டும். விட்டு விட்டு வரும் கோளாறில், அது வரும் வேளையே பெரிய சான்று.

எஞ்சின் மெதுவாக ஓடும்போதும், வண்டியை நிறுத்தும் இடத்தில் திருப்பும்போதும் மட்டும் ஸ்டியரிங் கனத்து, எஞ்சினைச் சற்று முடுக்கினால் இலேசாகிறதா? முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்த பெல்ட், சுமை மிகும்போது கப்பியின்மேல் வழுக்கும். அப்பொழுது கீச்சென்ற ஒலி எழும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரு கப்பிகளுக்கு இடையே உள்ள நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்துக. சாதாரண வடிவுடைய பெல்ட் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழலாம். அதனினும் மிகத் தாழ்ந்தால் தளர்ச்சி. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால், அது வழுக்கி வழுக்கித் தேய்ந்தது என்பது பொருள். அத்தகைய பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றவேண்டும். பெல்ட் நன்றாக இருந்தால், எஞ்சினின் மெதுவோட்டம் அளவுக்குக் குறைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். அதுவும் சரியாயின், பம்பு தேய்ந்திருக்கக்கூடும்.

மழையிலோ, ஆற்றைக் கடந்த பின்போ மட்டும் கோளாறு வருகிறதா? அப்பொழுதும் பெல்ட்டே முதற் குற்றவாளி. ஈரமும் சேறும் கப்பியின் பள்ளத்தில் படிந்தால் பிடிப்புப் போய்விடும். காய்ந்ததும் துணை திரும்பிவிடும். அதே பெல்ட் மின்னாக்கியையும் சுழற்றுவதாக இருந்தால், ஸ்டியரிங் கனக்கும் அதே நொடியில் பேட்டரி விளக்கும் மின்னும். இவ்விரண்டும் ஒன்றாக நிகழுமாயின் ஐயத்திற்கு இடமேயில்லை.

மேட்டில் ஏறும்போதும், வண்டி ஒருபுறம் சாயும்போதும், கூர்மையான வளைவிலும் மட்டும் வருகிறதா? கலத்திலுள்ள எண்ணெய் குறைந்திருக்கும். சமதரையில் போதுமான எண்ணெய், வண்டி சாயும்போது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். எண்ணெய் அழுத்தத்திற்கு இடம் கொடாது, காற்றோ சுருங்கிவிடும். ஆகையால் வலிமை சக்கரத்தை அடைவதில்லை. பம்பிலிருந்து முனகல் ஒலியும், கலத்தில் நுரையும் இதற்கு அறிகுறிகள். குறைந்த எண்ணெயை நிரப்பியதோடு நின்றுவிடலாகாது. அது எங்கே போயிற்று என்பதைக் காணவேண்டும். எண்ணெய் தானாகத் தீர்வதில்லை, எங்கோ கசிகிறது.

சமதரையில் நீண்டநேரம் ஓடிச் சூடேறிய பின்பு மட்டும் வருகிறதா? சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பில் அது இடுக்குகளின் வழியே நழுவிவிடும். காலையில் நன்றாக இருந்த துணை பிற்பகலில் குன்றும். பம்பை மாற்றுமுன் மலிவான இரண்டு காரணங்களை நீக்கிக்கொள்ளவேண்டும். ஒன்று, கலத்தினின்று பம்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாய். பழைய ரப்பர்க் குழாய் சூட்டில் மென்மையாகி, உறிஞ்சும் வேகத்தில் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆறியதும் மீண்டும் விரியும். வெளியே பார்த்தால் குறை தெரியாது. மற்றொன்று, சில வண்டிகளின் கலத்தினுள் இருக்கும் வலைவடிகட்டி. பல ஆண்டு அழுக்கு அதை அடைத்திருந்தால், பம்பு தாகத்தால் தவிக்கும்.

இதற்கு மாறாக, குளிர்காலக் காலையில் கனத்து, ஓடி ஓடிச் சூடேறியதும் சரியாகிறதா? ஸ்டியரிங் பெட்டியின் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்தபோது அவை விறைத்து எண்ணெயை நழுவ விடும். சூடேறியதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனமாகவும், மறுபக்கம் இலேசாகவும் இருந்தாலும் பெட்டியைத்தான் ஐயுறவேண்டும். பம்பு இரு பக்கத்திற்கும் பொதுவானது அல்லவா?

சூட்டுக்கும் குளிருக்கும் சரிவுக்கும் தொடர்பின்றி, நினைத்தபோது மறைந்து நினைத்தபோது வருகிறதா? பம்பினுள் எண்ணெயின் ஓட்டத்தை அளவிடும் சிறிய வால்வு ஒன்று உண்டு. அழுக்கு எண்ணெயினால் அது இடையில் சிக்கிக்கொள்ளலாம். எஞ்சினை முடுக்கினால் விடுபட்டுச் சரியாகிவிடுவதும் உண்டு. பம்பு முழுவதையும் மாற்றாமல், அவ்வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாலே குணமாகும் வண்டிகளும் உண்டு.

இனி, பலரும் நோக்கத் தவறும் இரண்டு காரணங்கள். எஞ்சினின் முன்முனைக் கப்பி பல வண்டிகளில் ஒரே இரும்பு அன்று. உள்வளையம், வெளிவளையம், இரண்டையும் பிணைக்கும் ரப்பர் என மூன்று பகுதிகளால் ஆனது. வயதான ரப்பரின் பிணைப்பு விட்டால், உள்வளையம் சுழல, பெல்ட்டைத் தாங்கிய வெளிவளையம் பின்தங்கும். பெல்ட் புதிது, பம்பு புதிது. ஆயினும் கோளாறு தீரவில்லை என்று வருந்துவோர் இதனைச் சோதிக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி, இரு வளையங்களின் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரே நேர்கோடு இடுக. கோளாறு ஒரு முறை வந்த பின் மீண்டும் பார்க்க. கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் கப்பியே காரணம்.

மற்றொன்று எண்ணெயோடு சம்பந்தமே இல்லாதது. ஸ்டியரிங் தண்டையும் பெட்டியையும் இணைக்கும் மூட்டுகள் சேற்றிலும் நீரிலும் துருவேறி இறுகிவிடும். அப்பொழுது ஸ்டியரிங் ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை கனத்து இரண்டு முறை இலேசாகும். திருப்பிய பின் தானே நேராகத் திரும்பாது. இதனைத் தெளிய, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்சக்கரங்களைத் தூக்கி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புக. அப்பொழுதும் இடையிடையே இறுகுமானால், குறை மூட்டிலோ சக்கரத்தின் தாங்கு அமைப்பிலோ உள்ளது; பம்பைக் குறைகூற வழியில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து சோதிக்கவேண்டிய வரிசை தானே விளங்கும். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்வதே முறை. முதலில் டயர்களின் காற்று: மணலைக் கடக்கக் காற்றை இறக்கிவிட்டு, மீண்டும் நிரப்ப மறந்தால் ஸ்டியரிங் கனக்கத்தான் செய்யும். ஆனால் அக்கனம் விட்டு விட்டு வராது, எப்பொழுதும் இருக்கும். பின்பு எண்ணெயின் அளவும் நிறமும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்தது; நுரைத்தால் காற்று கலந்தது; கறுத்துக் கருகிய நாற்றம் வீசினால் அளவு மீறிச் சூடேறியது. அதன்பின் பெல்ட், கப்பி, குழாய்கள், மூட்டுகள். இவை யாவும் குற்றமற்றவை எனத் தெளிந்த பிறகே பம்பையும் பெட்டியையும் பற்றி எண்ணவேண்டும்.

அவ்விரண்டில் எது குற்றவாளி என்பதைப் பட்டறையிலுள்ள அழுத்தமானி தீர்த்துவைக்கும். பம்புக்கும் பெட்டிக்கும் இடையே, அடைப்பான் பொருத்திய அழுத்தமானியை இணைப்பார்கள். எண்ணெய் சூடேறிய பின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அடைப்பானைச் சில நொடிகள் மூடினால், பம்பின் முழு வலிமையும் மானியில் தெரியும். வண்டியின் கையேட்டில் கண்ட அளவை அது எட்டவில்லையாயின் குறை பம்பில். பம்பு அவ்வளவை எட்டி, அடைப்பானைத் திறந்து ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பும்போது மட்டும் அழுத்தம் எட்டாமல் நின்றால், எண்ணெய் பெட்டியினுள் நழுவுகிறது. அடைப்பானை 5 நொடிகளுக்கு மேல் மூடிவைப்பது பம்பையே கெடுக்கும். இச்சோதனை செய்யாமல் "பம்பு போய்விட்டது" என்று கூறுபவரிடம், அழுத்தம் எவ்வளவு காட்டியது என்று கேட்பது உங்கள் உரிமை.

குழாயோ பம்போ மாற்றிய பின் அமைப்பிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். இல்லையேல் பழைய கோளாறே புதுவடிவில் தொடரும். முன்சக்கரங்களை முன்போலவே தூக்கி நிறுத்தி, கலத்தை நிரப்பி, எஞ்சினை ஓடவிடாமலே ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் இடையே மெதுவாக 15 அல்லது 20 முறை திருப்புக. குமிழிகள் மேலெழும், எண்ணெய் குறையும், மீண்டும் நிரப்புக. குமிழிகள் நின்ற பிறகு எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் சிலமுறை திருப்புக. பொறுமையே இதற்கு வேண்டிய முதற் கருவி.

சில எச்சரிக்கைகள். ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி 5 நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்கலாகாது. எண்ணெய் கொதித்துப் பம்பு தேயும். பாறைப் பாதைகளில் ஓட்டுவோர் இதனைப் பெரிதும் நினைவிற் கொள்ளவேண்டும். அளவுக்கு மீறிய அகல டயர்களும் பம்பின் சுமையைக் கூட்டும். எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டில் கண்டபடியே ஊற்றவேண்டும். பிரேக் எண்ணெயை ஒருநாளும் ஊற்றலாகாது, அது ரப்பர் வளையங்களை அழித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனை போன்ற துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுள் புகும். அக்காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டியது. ஓர் அட்டைத்துண்டைக் காட்டிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் பட்டறைக்குச் செல்லும் நேயர்களுக்கு ஒரு சொல். நோயாளிக்கு மொழி தெரியாவிட்டாலும், குறிப்பு தெளிவாக இருந்தால் மருத்துவருக்கு வழி புலப்படும். வண்டியில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும்போதெல்லாம், வண்டியை நிறுத்திய பின், ஐந்து செய்திகளை எழுதுங்கள்: எஞ்சின் சூடா, குளிரா? மெதுவோட்டமா, வேகமா? சமதரையா, சரிவா? மழையோ நீரோ பட்டதா? என்ன ஒலி கேட்டது? பெல்ட், பம்ப், ஆயில், பைப் என்னும் சொற்கள் எந்த மாநிலத்துப் பட்டறையிலும் வழங்குபவையே. இக்குறிப்பைக் காட்டி, கோளாறு எழும் அதே நிலையில் பட்டறைக்காரரை உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். ஊகத்திற்கு இடம் குறையும். உங்கள் பணமும் மிஞ்சும்.

அதுவரையில், காரணம் அறியப்படாத வண்டியை மலைப்பாதைக்குக் கொண்டுசெல்லாதிருப்பதே அறிவுடைமை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நம்பித் தள்ளிப்போடும் கோளாறுகளுள் இதனைச் சேர்க்கலாகாது. துணை சிறிது நேரத்தில் திரும்பிவிடலாம். ஆனால் அச்சிறிது நேரம் எந்த வளைவில் வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வண்டியில் நம்மை நம்பி அமர்ந்திருப்பவர்களும் உண்டு என்பதை எண்ணி, சமதரையில் நிற்கும்போதே அக்காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும்.